இரண்டு வாரப் பல்

சிலிம் ரீவரில், ரயில் ஸ்டேஷனுக்கு எதிர்வரிசை,
மாமாக் கடை மாடியில் எங்கள் கிளினிக்.
டாக்டர் லியூ பல்லைப் பார்ப்பார்.
நான் வாயைப் பார்ப்பேன்:
யார் கோப்பி, யார் வெற்றிலை,
யார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டவுட்.

எல்லாருக்கும் சொல்ல எனக்கு ஒரே வாக்கியம்:
"இது தற்காலிகம். இரண்டு வாரம்."
சம்பளம் வரட்டும் என்று போனவர்கள்
தீபாவளி தாண்டி வருவார்கள்.
"என்னாம்மா, வெள்ளையாத்தானே வச்சீங்க,
இப்ப சோளம் மாதிரி இருக்கு?"
கேள்வி எனக்குத்தான்.
டாக்டர் முகமூடிக்குள் இருப்பார்.

ஒரு மார்ச் மாதம் பொறுக்க முடியாமல்
மிஞ்சிய சரக்கை வில்லை வில்லையாய் வார்த்தேன்,
பத்து காசு அளவு.
தூளும் திரவமும் குழைத்தது ஒரு வகை,
துப்பாக்கிக் குழலில் பிதுங்குவது இன்னொன்று.
பாதிக்கு மெருகேற்றினேன்,
பாதியைச் சொரசொரப்பாகவே விட்டேன்.
பஞ்சு வந்த காலி ஜாடிகளில்
வெறுந்தண்ணீர், கோப்பி ஓ, தே தாரேக்,
கீழ்க்கடை மீன்கறியில் மிதக்கும் எண்ணெய்.
ஐந்தாவதற்கு ஒன்றும் தோன்றாமல்
சிரப் பண்டோங்.

வெள்ளிக்கிழமைதோறும் கழுவித் துடைத்து
நிற அட்டையோடு ஒட்டிப் பார்ப்பேன்.
ஏ ஒன்று, ஏ இரண்டு, ஏ மூன்று:
வெளுப்பிலிருந்து இறங்கும் படிக்கட்டு.
கறியில் கிடந்தது மூன்றே நாளில்
அட்டையை விட்டே வெளியேறியது.
கோப்பி அவசரப்படவில்லை.
மெருகு கொஞ்ச காலம் தாங்கியது.
விலை கூடிய துப்பாக்கிச் சரக்குதான்
மஞ்சளுக்கு முதலில் தோற்றது.
சொன்னேன். "வேலை சுலபம்" என்றார் டாக்டர்.
எனக்குக் கோபம் வந்தது தண்ணீர் மேல்.
நான் நம்பி ஓரமாய் வைத்த
அந்த ஜாடியிலும்
இம்மி இறங்கியிருந்தது.

சகாயராணி அப்போதுதான் வந்தாள்.
செம்பனை ஆலையில் குலை தரம் பிரிப்பவள்.
கறுத்த ஊதா என்றால் திருப்பு,
ஆரஞ்சுச் சிவப்பென்றால் உள்ளே தள்ளு;
ஒரு லாரிக்கு ஐம்பது குலை, கண்ணாலேயே.
லாரிக் கதவு தட்டி உடைந்த முன்பல்லுக்கு
நாங்கள் போட்ட இரண்டு வாரத்துக்கு
வயது பதினாலு மாதம்.
அவள் மட்டும் கேள்வி கேட்கவில்லை.
ஜன்னல் ஜாடிகளைக் குனிந்து பார்த்தாள்,
கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.
"நான் மூணாவது ஜாடி.
ஆனா கொஞ்சம் நாலாவதும் இருக்கு."

நிரந்தரப் பல் ஈப்போவிலிருந்து வந்தது,
பீங்கான், எண்ணூறு வெள்ளி,
கார்டில் இருந்த அதே நிறம்.
டாக்டர் பொருத்திப் பார்த்துக் கண்ணாடியை நீட்டினார்.
அவள் தலையை இடமும் வலமும் திருப்பினாள்,
ஆலை வாசலில் நிற்பதுபோல் கண்ணைச் சுருக்கினாள்.
"இது பழுக்கல டாக்டர்."

அட்டையை வைத்துப் பார்த்தோம்.
பக்கத்துப் பற்கள் ஏ மூன்று.
ஏ இரண்டு என்று கார்டில் எழுதியிருப்பது
என் கையெழுத்து.
அன்று மழைநாள், விளக்கு வெளிச்சம்,
நான்தான் தப்பாய்ப் பார்த்தேனா?
இல்லை, பிறவிப் பற்களும்
யாரிடமும் சொல்லாமல்
ஒரு படி இறங்கிவிட்டனவா?
ஜாடிகளில் இதற்குப் பதில் இல்லை.
அவள் வாயை நான் ஜாடியில் போடவில்லை.

பீங்கான் ஈப்போவுக்கே திரும்பியது.
சோளநிறப் பழையதையே
தற்காலிகப் பசையில் உட்கார வைத்தார் டாக்டர்.
வாக்கியம் என்னுடையது.
சொல்ல வாயெடுத்தேன்,
அவளே முந்திக்கொண்டு
"ரெண்டு வாரம்" என்று சிரித்தாள்,
எல்லாப் பல்லும் தெரிய.
நானும் சிரித்தேன், கையால் மூடாமல்.

கார்டில் ஏ மூன்று என்று திருத்தி
தேதி போட்டுக்கொண்டிருந்தபோது
கீழே கடையில் அவள் குரல்:
"தே தாரேக் ஒண்ணு, கூராங் மானிஸ்."